ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஓட்ட வேண்டியதில்லை

கேள்வி: எங்கள் கேரவன் வண்டியில் 2.8 கிலோவாட் ஜெனரேட்டர் இருக்கிறது. கரண்ட் போனால் வீட்டுக்கும் அதுதான். ஃப்ரிட்ஜ், ஃபேன், நாலு லைட்டுக்காக விடிய விடிய ஓட்டுகிறோம். சத்தமும் டீசல் செலவும் தாங்கவில்லை. இன்வெர்ட்டர் வைத்தால் சரியாகுமா, எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்?

சரியாகும். நீங்கள் சொல்கிற லோடு ராத்திரியில் சராசரியாக 150 வாட் வந்தாலே அதிகம், அதற்கு 2800 வாட் எஞ்சினைச் சுற்றவிடுகிறீர்கள். லோடு குறைகிற அளவுக்கு டீசல் குறையாது, எஞ்சின் வெறுமனே சுற்றவே ஒரு பங்கு போய்விடும், போதாக்குறைக்குக் கரியும் பிடிக்கும்.

150 வாட், எட்டு மணி நேரம் என்றால் 1200 வாட்-அவர். 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரி கணக்குக்கு 1800 வாட்-அவர், ஆனால் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் கழித்தால் கைக்கு வருவது சுமார் 800தான். ஆக இரண்டு பேட்டரி, 24 வோல்ட் இன்வெர்ட்டர்.

எல்லோரும் பேட்டரியைத்தான் கேட்கிறார்கள், சார்ஜரை யாரும் கேட்பதில்லை. ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வதே அதுதான். 15 ஆம்பியரில் ஏற்றுகிற சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் என்றால், ராத்திரி செலவானதை நிரப்ப நாலைந்து மணி நேரம், கடைசிப் பகுதியில் ஆம்பியர் தானாகக் குறைவதால் இன்னும் இழுக்கும். அதனால் அந்த இரண்டு ட்யூபுலருக்குப் பதிலாக உங்களுக்கு நான் சொல்வது 24 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, அதற்கேற்ற 50 ஆம்பியர் சார்ஜர். விலை கூடத்தான், ஆனால் ஒன்றேகால் மணி நேரத்தில் வேலை முடியும். சார்ஜர் சுமார் 1500 வாட் இழுக்கும், ஜெனரேட்டருக்கும் அது நல்ல லோடு. பேட்டரி தயாரிப்பாளர் 50 ஆம்பியரை அனுமதிக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்பும்போது ஒரு கணம் பல மடங்கு இழுக்கும், எனவே 1000 வாட்டுக்குக் குறையாத சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர். ஜெனரேட்டர் வோல்டேஜ் ஏறி இறங்குவதால் சில இன்வெர்ட்டர்கள் யூபிஎஸ் மோடில் (வோல்டேஜ் சீராக இருந்தால் மட்டும் எடுக்கும் மோடு) அதை ஏற்காது. சாதாரண மோடுக்கு மாற்றினால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை இதற்குத் தொடாதீர்கள், சில தடவை முழுக்க இறங்கினாலே அது செத்துவிடும்.

ஜெனரேட்டர் லைனும் இன்வெர்ட்டர் அவுட்புட்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. ஜெனரேட்டர் இன்வெர்ட்டரின் இன்புட்டுக்குத்தான் போக வேண்டும், வெளி சப்ளைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இணைப்பது) கட்டாயம், இதை எலக்ட்ரீஷியனே செய்யட்டும். பேட்டரி கேபிள் தடிமனாக, குட்டையாக, பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸோடு இருக்கட்டும். அப்புறம், ஒரு மணி நேரம்தானே என்று வண்டியை ஷெட்டுக்குள் விட்டு ஓட்டாதீர்கள், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.