கணவர் என்பதால் அது வன்முறை இல்லையா?

நேற்றிரவும் வலுக்கட்டாயமாக நடந்தது. இப்போது என்ன செய்வது?

தாமதிக்கக் கூடாது என்பதால் உங்களுக்கே முதல் பதில். இன்றே மருத்துவரைப் பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை ஐந்து நாள் வரை பலன் தரலாம். ஆனால் சீக்கிரம் எடுத்தால்தான் நல்லது. கழுத்தை நெரித்திருந்தால், வெளியே தடம் இல்லாவிட்டாலும் அவசர சிகிச்சைக்குப் போங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். புகார் கொடுப்பதா என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

அவர் அடித்ததே இல்லை. ஆனால் மறுத்தால் நாள் கணக்கில் பேசமாட்டார், பிள்ளைகள்மேல் எரிந்து விழுவார். அதற்குப் பயந்தே ஒத்துக்கொள்கிறேன். இதுவும் வன்முறையா?

ஆமாம். 'தொந்தரவு', 'அவர் சுபாவம் அப்படி' என்றுதான் பலரும் பேச்சை ஆரம்பிப்பார்கள். அந்தச் சொல்லைத் தாண்டி வரவே சிலருக்கு வருடங்கள் ஆகும். வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் சரி என்பதற்கும் அர்த்தம் உண்டு. படுக்கப் போகாமல் வேலையை இழுத்தடிப்பது, பிள்ளையை நடுவில் படுக்கவைப்பது, சீக்கிரம் முடியட்டும் என்று மனதை வேறெங்கோ வைத்துக்கொள்வது எல்லாம் நீங்களே கண்டுபிடித்த தற்காப்பு. இதைப் போய் 'ஆசையில்லாதவள்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நான் கத்தவில்லை, தள்ளவில்லை. உடம்பு மரத்துப்போனது. என் தப்பா?

இல்லை. ஆபத்தில் உடல் உறைந்துபோவது அனிச்சையாக நடப்பது. அந்த நேரத்தில் உடல் கிளர்ச்சியைக் காட்டியிருந்தாலும் அப்படித்தான். அது சம்மதம் ஆகாது.

மனைவி மறுக்கவே கூடாது என்கிறார் மாமியார். சட்டமும் அப்படித்தானா?

பழைய சட்டம் அப்படித்தான் சொன்னது. இங்கிலாந்து நீதிபதி மேத்யூ ஹேல் எழுதி, அவர் இறந்தபின் 1736-ல் அச்சான நூலில் இந்த வாதம் இருக்கிறது. அதே இங்கிலாந்து 1991-ல் அதைத் தூக்கி எறிந்தது. 1993-ல் ஐ.நா. பிரகடனம் திருமண வல்லுறவைப் பெண்கள்மீதான வன்முறையில் சேர்த்தது. சில நாடுகளில் வல்லுறவுச் சட்டத்திலிருந்து கணவனுக்கு இன்னும் விலக்கு உண்டு. அங்கும்கூட குடும்ப வன்முறைச் சட்டம் இருந்தால் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், வழக்கறிஞரிடம் விசாரியுங்கள்.

வருமானம் இல்லை, விட்டுப் போகவும் முடியாது.

அங்கேயே இருப்பதால் சம்மதித்தவர் ஆகிவிடமாட்டீர்கள். நம்பகமான ஒருவரிடம் மட்டும் சொல்லி, ஆபத்து என்பதற்கு இருவருக்கும் மட்டும் புரியும் ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்களையும் கொஞ்சம் பணத்தையும் அவரிடமே கொடுத்து வைக்கலாம். என்றாவது கிளம்பினால் கணவரிடம் முன்கூட்டியே அறிவிக்காதீர்கள். பல பெண்களுக்கு அதிக ஆபத்து வருவது அந்த நேரத்தில்தான்.