நுண்ணுயிரியல் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன் ப்ரீபிரிண்ட்டாக (மதிப்பாய்வுக்கு முன்பே எல்லோரும் படிக்க இணையத்தில் வைக்கும் வடிவமாக) போடலாமா?
தாராளமாகப் போடலாம். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் 2013-இல் தொடங்கிய பயோஆர்கைவ் (bioRxiv) என்ற உயிரியல் ப்ரீபிரிண்ட் தளத்தில் கட்டணம் கிடையாது. மேலோட்டமாகச் சரிபார்த்து ஏற்றிவிடுவார்கள். டிஓஐ எண்ணும் (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்) கிடைக்கும். இதழின் மதிப்பாய்வு முடிய மாதக்கணக்காகும். அதற்குள் 'நான்தான் முதலில் கண்டேன்' என்பதற்குத் தேதியோடு சான்று இருக்கும்.

பிறர் போட்ட ப்ரீபிரிண்ட்டைப் படிக்கும்போதுதான் உஷாராக இருக்க வேண்டும். 2020 ஜனவரி 31 அன்று டெல்லி ஆய்வாளர்கள் சிலர், புதிய கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதத்தில் (வைரஸின் மேற்பரப்பில் முள்போல நீட்டியிருப்பது) நான்கு துண்டுகள் எச்ஐவி-யை ஒத்திருப்பதாக ஒரு கட்டுரையைப் பயோஆர்கைவில் ஏற்றினார்கள். அவ்வளவு குட்டித் துண்டுகள் எத்தனையோ உயிரிகளில் தற்செயலாகவே பொருந்தும்! மற்ற ஆய்வாளர்கள் பிரித்து மேய்ந்துவிட, இரண்டே நாளில் திரும்பப் பெற்றார்கள். (இதழாக இருந்தால் இவ்வளவு வேகமாக நடந்திருக்காது.)

அமெரிக்க நுண்ணுயிரியல் கழகத்தின் இதழ்கள் ப்ரீபிரிண்ட்டை ஏற்கின்றன. வேறு இதழ் என்றால் விதிகளைப் பாருங்கள். கூட்டாசிரியர்கள் எல்லோரிடமும் கேட்டுவிட்டே ஏற்றுங்கள். திரும்பப் பெற்றாலும் முதல் பதிப்பு பயோஆர்கைவிலேயேதான் கிடக்கும்.