ஏற்காட்டு ஓதச் சுவரில் பழைய தாவரப் படங்களை மாட்டலாமா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் இருக்கிறோம். ஏற்காட்டில் மாமனார் காலத்து ஓட்டு வீடு ஒன்றைச் சரிசெய்து, வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு வாடகைக்கு விடப்போகிறோம். ஹாலிலும் இரண்டு படுக்கை அறைகளிலும் 'விண்டேஜ்' தாவர ஓவியங்களை மாட்ட ஆசை. ஆன்லைனில் ஒருவர் '1800-களின் அசல்' என்று சொல்லி ஒரு படம் 1,500 ரூபாய்க்குத் தருகிறார். நம்பி வாங்கலாமா? மழைக்காலத்தில் ஒரு பக்கச் சுவர் ஓதம் அடிக்கும். படம் கெட்டுவிடுமா? எத்தனை படம், எவ்வளவு உயரத்தில் மாட்டுவது?

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டு வீட்டுக்கு அசல் வேண்டாம். நன்றாக அச்சிட்ட நகல் போதும். மலை வீட்டுக்கு அதுதான் தோது. நூற்றைம்பது, இருநூறு வயதான தாளுக்கு ஈரமும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. உங்கள் வீட்டில் இரண்டுக்கும் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மூடுபனி அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். தாளில் முதலில் பழுப்புப் புள்ளி விழும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சம் செய்யும் கெடுதல் உடனே தெரியாது. கையால் வண்ணம் தீட்டிய பழைய படங்களில் பச்சையைப் பெரும்பாலும் நீலமும் மஞ்சளும் கலந்துதான் எடுத்தார்கள். அதில் மஞ்சள் முந்தி வெளுத்தால் இலையெல்லாம் நீலம் பூத்து நிற்கும். அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட படங்களுக்குப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மங்கலில் உங்கள் விருந்தினர் பேப்பர் படிக்கவே சிரமப்படுவார்.

இன்னொரு காரணமும் உண்டு, இது என் சொந்த அபிப்பிராயம். தனித்தனியாக விற்பனைக்கு வரும் அசல் படங்களில் பல, யாரோ ஒரு முழுப் புத்தகத்தைப் பிரித்து எடுத்தவை. தாள் தாளாக விற்றால் காசு அதிகம் என்பதால் இது நடக்கிறது. அதற்குத் துணைபோக எனக்கு மனமில்லை.

அந்த 1,500 ரூபாய்ப் படத்தை விலையை வைத்து எடைபோட முடியாது, லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வேலை செய்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸ் இருக்கிறதே, அது போதும். இலையின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சிறு சிறு வட்டமாகக் கூடி நின்றால் அது இந்தக் காலத்து ஆஃப்செட் அச்சு. பொடிப்பொடியாகத் தெளித்தது போலிருந்தால் இங்க்ஜெட். கையால் தீட்டிய அசலில் கோடு முறியாமல் கெட்டியாக ஓடும். வண்ணம் புள்ளியே இல்லாமல் நீர்க்கப் பரவியிருக்கும். அங்கங்கே கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், ஓரத்தில் தேங்கிச் சற்று அடர்ந்திருக்கும். செப்புத் தகட்டில் செதுக்கி அடித்த படமென்றால், படத்தைச் சுற்றிச் சதுரமாக ஒரு பள்ளம் விரல் நுனியில் தட்டுப்படும். தகடு தாளை அழுத்திய தடம் அது. ஆனால் கல்லில் வரைந்து அடிக்கும் கல்லச்சில் (லித்தோகிராஃப்) அந்தத் தடம் இருக்காது. அதனால் பள்ளம் இல்லை என்ற ஒன்றையே வைத்துப் போலி என்று தள்ளிவிடவும் முடியாது. விற்பவரிடம் லென்ஸ் வழியாக எடுத்த போட்டோ கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

சரி, நகலுக்குப் படம் எங்கே கிடைக்கும்? இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம். ரோஜாவும் டூலிப்பும் போட்ட ஐரோப்பியப் படங்களையே எல்லோரும் மாட்டுகிறார்கள். தென்னிந்தியச் செடிகளை வரைந்த பழைய புத்தகங்களோ குவிந்து கிடக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்த ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை 'ஐகோனஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்' என்று ஆறு தொகுதிகள் கொண்டுவந்தார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள், எல்லாம் கல்லச்சு. அவருக்கு வரைந்துகொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். உங்கள் வீட்டுச் சுவரில் அந்தக் கை வரைந்த படம் இருப்பது, எங்கோ வாங்கிய டூலிப்பை விட எனக்கு உசத்தி.

வைட்டின் இந்தப் படங்கள் பெரும்பாலும் வண்ணமில்லாத வெறும் கோட்டுப் படங்கள். அதைக் குறையாக நினைக்காதீர்கள். சுண்ணாம்பு வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடு அவ்வளவு எடுப்பாக இருக்கும். தரமான கறுப்பு மை லேசில் வெளுக்கவும் வெளுக்காது.

வண்ணம் வேண்டுமென்றால் வில்லியம் ராக்ஸ்பரோவின் 'கோரமண்டல் கரைத் தாவரங்கள்'. 1795-இல் தொடங்கி மூன்று தொகுதிகள், 300 படங்கள். பெரிய அளவுப் புத்தகம் என்பதால் பெரிதாக்கினாலும் கோடு கலங்காது. சேர்வராயன் சரிவுகளில் வளரும் சந்தன மரமும் அதில் இருக்கிறது. இன்னும் பழையது வேண்டுமா, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அச்சான 'ஹோர்டஸ் மலபாரிகஸ்'. மா, பலா, செங்காந்தள் எல்லாம் உண்டு. படத்தின் மூலையில் செடியின் பெயரை லத்தீன், மலையாளம், அரபி, நாகரி என்று பல எழுத்துகளில் பொறித்திருப்பார்கள். பெயரை வெட்டாமல் அச்சிட்டால் அந்த எழுத்துகளே ஒரு அலங்காரம். பலாப்பழம் கிளையோடு தொங்கும் படத்தை உங்கள் சாப்பாட்டு மேசைப் பக்கம் வையுங்கள்.

ஏற்காடு என்றால் காப்பி, மிளகு இல்லாமலா? 1887-இல் ஜெர்மனியில் வெளிவந்த கோலரின் மூலிகைப் புத்தகத்தில் இரண்டும் அழகாக இருக்கின்றன. ஆனால் அந்தக் காப்பிப் படம் இன்று பாதி காப்பிக் கடைச் சுவர்களில் தொங்குகிறது. மிளகை எடுத்துக்கொள்ளுங்கள், காப்பியை விட்டுவிடலாம். ஆர்க்கிட் பிடிக்குமென்றால், தேர்ந்தெடுப்பதற்கு முன் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் ஆர்க்கிட் தோட்டத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். விருந்தினர் காலையில் அங்கே பார்த்த பூவைச் சாயங்காலம் உங்கள் சுவரில் பார்ப்பார்.

இந்தப் புத்தகங்கள் எல்லாம் 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி' என்ற இணைய நூலகத்தில் இலவசம். செடியின் லத்தீன் பெயரைப் போட்டுத் தேடினால் பக்கம் கிடைக்கும். நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை தீர்ந்துவிடும். வைட் இறந்தது 1872-இல். ஆனாலும் நீங்கள் வாடகைக்கு விடும் இடம் என்பதால், ஒவ்வொரு புத்தகத்தின் பக்கத்திலும் போட்டிருக்கும் உரிமைக் குறிப்பை ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பதிவிறக்கும்போது திரையில் தெரியும் சின்னப் படத்தைச் சேமித்துவிடாதீர்கள், இருப்பதில் பெரிய கோப்பை எடுங்கள். ஏ3 அளவில் தெளிவாக வர, ஏறக்குறைய 3,500-க்கு 5,000 பிக்சல் வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் ஏ4 போதும் என்று திருப்திப்படுங்கள். அச்சுக் கடையில் இரண்டே விஷயம் கேளுங்கள்: லேசில் வெளுக்காத பிக்மென்ட் மை, பளபளப்பில்லாத 250 முதல் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) தாள். கேன்வாஸ் துணியில் அடித்துத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம். இலை நரம்பு துணியின் இழையில் காணாமல் போகும். லேமினேஷனும் வேண்டாம். பழைய தாளின் பழுப்பை முழுக்க வெளுத்து வெள்ளையாக்கச் சொல்லாதீர்கள். கம்ப்யூட்டரில் கூடுதலாகப் பழுப்பேற்றித் தேநீர்க் கறை போட்டுத் தருவது அதைவிட மோசம்.

இனி ஓதம். படம் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் இடைவெளியில்லாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் முத்து கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அந்தச் சுவரில் எதையும் மாட்டாதீர்கள். ஓடு, தண்ணீர்த் தாரை, வெளிப்பூச்சு எங்கே பழுது என்று கொத்தனாரைக் கூப்பிட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்தால் அறைக் காற்றில்தான் ஈரம், அதைச் சமாளிக்கலாம். இரண்டு அறைக்கும் பொதுவான உள்சுவர்தான் எப்போதும் பாதுகாப்பு. வெளிச்சுவர் இரவில் குளிர்ந்துவிடும். அதில் ஒட்டித் தொங்கும் ஃபிரேமுக்குப் பின்னால் காற்று நகராமல் ஈரம் தங்கும், பூஞ்சைக்கு அதுதான் விளைநிலம்.

ஃபிரேம் கடைக்காரரிடம் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டிவரும். வழக்கமாக அவர் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, பின்னால் ஹார்ட்போர்டு கொடுத்து ஆணி அடித்துவிடுவார். ஈரத்தில் தாள் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும், பிரிக்கும்போது பூவோடு பெயர்ந்து வரும். அதனால் நடுவில் மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி ஓரமாக வரும் அட்டை, கட்டாயம், இரண்டரை அங்குலம் அகலம் விடச் சொல்லுங்கள். அமிலமில்லாத போர்டு என்று கேட்டு வாங்குங்கள். சாதா அட்டை சில வருடத்தில் பழுத்து, வெட்டிய ஓரத்தை ஒட்டிப் படத்திலும் காவிக் கோடு போட்டுவிடும். பழைய ஃபிரேமைப் பிரித்தால் அந்தக் கோடு நூல் பிடித்தது போல் தெரியும். மைதாப் பசை வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. செல்லோ டேப்பும் ஆகாது. நகல்தானே என்று நாலு பக்கமும் ஒட்டாமல், மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் அமிலமில்லாத டேப் கொடுத்துத் தொங்கவிட்டால், தாள் ஈரத்துக்கு விரிந்து சுருங்க இடம் இருக்கும்.

பின்பலகைக்கு விளம்பரப் பலகைக் கடையில் கிடைக்கும் சன்பேக் ஷீட் நல்லது, ஈரம் குடிக்காது. சட்டம் மரமாகவோ சிந்தெடிக் பீடிங்காகவோ இருக்கட்டும், மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் மலையில் ஊதிவிடும். கீழ் மூலை இரண்டிலும் நாற்காலிக் காலுக்குப் போடும் மாதிரிச் சின்ன ரப்பர் புஷ் ஒட்டினால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்றோட்டம் கிடைக்கும். இவ்வளவு சின்ன வேலை, ஆனால் மலை வீட்டில் இதுதான் படத்தைக் காப்பாற்றும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாமா என்றால், சேலத்தில் ஃபிரேம் போட்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்பதால் போடலாம். எடை குறைவு, லேசில் உடையாது. கீறல் மட்டும் விழும், உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது என்று வேலைக்கு வருபவரிடம் சொல்லிவையுங்கள்.

எத்தனை படம் என்றால், குறைவாக. ஹாலில் ஆறடி சோபாவுக்கு மேலே ஏ3 படம் மூன்று. மவுண்ட்டும் சட்டமும் சேர்த்து ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம் வரும். நடுவே இரண்டிரண்டு அங்குலம் விட்டால் மொத்தம் 58 அங்குலம், சோபாவுக்குள் அடங்கிவிடும். மூன்றும் ஒரே புத்தகத்துப் படங்களாக, ஒரே சட்டமாக இருக்கட்டும். படுக்கை அறைக்கு ஒன்று போதும், ஜன்னல் வெயில் நேராக விழாத சுவரில். சமையலறை வேண்டாம், தாளிப்புப் புகையில் மாதத்துக்குள் பிசுக்கு ஏறும்.

உயரத்தில்தான் நம் வீடுகளில் எப்போதும் கோளாறு. தாத்தா, பாட்டி படங்களைக் கூரையோரம் சாய்த்து மாட்டிப் பழகிவிட்டோம். அவை மேலிருந்து நம்மைப் பார்ப்பவை, சரிதான். செடிப் படத்தை நாம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். விதையை அறுத்துக் காட்டும் சின்ன வரைபடம் கீழ் மூலையில்தான் இருக்கும். தரையிலிருந்து படத்தின் நடு மையம் 57 முதல் 60 அங்குலம் இருக்கட்டும். சோபாவுக்கு மேலே என்றால், சாய்வின் விளிம்பிலிருந்து ஆறேழு அங்குலம் விட்டு ஃபிரேம் தொடங்கட்டும். அங்கே மையம் சில அங்குலம் கீழே வந்தால் பரவாயில்லை.

மாட்டும்போது பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் ஆணியைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், கையகலத்துக்குப் பூச்சு பெயரும். டிரில் மெஷினில் 'ஹாமர்' இயக்கத்தை நிறுத்திவிட்டு, வெறும் சுழற்சியில் ஆறு மில்லிமீட்டர் துளை போட்டு, பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள். ஃபிரேமுக்கு இரண்டு ஸ்க்ரூ வைத்தால் கதவை அறைந்து சாத்தினாலும் கோணாது. ஒவ்வொரு தை மாதமும், மழை ஓய்ந்த பிறகு, படங்களை இறக்கிப் பின்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். புழுங்கல் வாடை அடித்தால் பின்பலகையைக் கழற்றி, நிழலில் ஒரு நாள் காற்றாட வைத்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். அதே இடத்தில் மறு வருடமும் வாடை வந்தால் அந்தப் படத்துக்கு வேறு சுவர் பாருங்கள்.