உட்கட்சிப் போட்டியில் "உன் சகவாசம் சரியில்லை" என்று தாக்கிக்கொண்டால் கட்சி ஒற்றுமை கெடாதா?

கெடும். ஆனால் ஒட்டவைக்கவும் முடியும். 2008-இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியில் அதிபர் வேட்பாளர் யார் என்று ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் மோதியபோது நடந்ததைப் பாருங்கள். ஏப்ரல் 16, ஃபிலடெல்ஃபியா விவாதம். 1970-களில் குண்டு வைத்த குழுவின் பில் ஏயர்ஸுடன் ஒபாமாவுக்கு என்ன பழக்கம் என்று நெறியாளர் கேட்டார். ஹிலாரியும் சும்மா இருக்கவில்லை, எண்ணெய் ஊற்றினார். அந்தக் காலத்தில் தான் எட்டு வயதுப் பையன் என்ற ஒபாமா, அதே குழுவில் இருவரின் தண்டனையைக் குறைத்தவர் உங்கள் கணவர், முன்னாள் அதிபர் பில் கிளின்டன்தானே என்று ஹிலாரியிடமே திருப்பிவிட்டார். சரியான அடி!

வினை அப்புறம் வந்தது. அக்டோபரில் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின் இதே ஏயர்ஸைக் கையில் எடுத்தார். பங்காளி எறிந்த கல்லை எதிரி பொறுக்கிக்கொண்டான். நல்லவேளை, அதற்கு முன்பே, ஜூன் 27-இல், ஹிலாரியும் ஒபாமாவும் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே மேடை ஏறியிருந்தார்கள். ஊர் பெயர் யூனிட்டி, அதாவது ஒற்றுமை! உட்கட்சித் தேர்தலில் அங்கே இருவருக்கும் ஆளுக்கு 107 வாக்குகள்.