கடல் பழிவாங்குவதில்லை

அன்புள்ள சேர்,
அஸ்ஸலாமு அலைக்கும். இலங்கையின் கிழக்குக் கரை, நிந்தவூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வளவின் கடைசித் தென்னையும் போன மாரியில் கடலுக்குள் விழுந்துவிட்டது. 2004இல் சுனாமி, இப்போது கடலரிப்பு. மனிதன் செய்த பாவத்துக்கு இயற்கை பழிவாங்குகிறது என்றே தோன்றுகிறது. இயற்கையோடு இணைந்து வாழ்வதைப் பற்றி நல்ல புத்தகங்கள் சொல்வீர்களா?
ஒரு வாசகி

தங்கச்சி,
வஅலைக்கும் ஸலாம். உங்கள் தென்னை விழுந்த வரியிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்து வளவுகளில் ஒவ்வொரு தென்னைக்கும் அதை நட்டவரின் பெயர் உண்டு. அடுத்த வரியில்தான் கோபம் வந்தது. எந்தப் பாவம்? யார் செய்தது? சுனாமியை இதற்குள் இழுக்காதீர்கள். சுமாத்ராவுக்குப் பக்கத்தில் கடலடி குலுங்கியதற்கு நீங்களும் நானும் பொறுப்பில்லை.

கடலரிப்பு வேறு கதை. கரை மணல் ஓரிடத்தில் நிற்காது. தெற்கிலிருந்து வரும் அலை அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். மாரியில் வாடைக்காற்று கொஞ்சத்தைத் திருப்பும், ஆனாலும் மிச்சம் வடக்குக்குத்தான். டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்சுவர்கள் அந்த வழியை மறித்து நிற்கின்றன. வாய்க்காலை மேலே மறித்தால் கீழ்வயல் காயும் என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தென்பக்கம் மணல் சேர்ந்தது, வடபக்கம் ஒலுவிலும் நிந்தவூரும் கரைந்தன. துறைமுக வாயையும் அதே மணல் அடைத்து, படகுகளும் முடங்கின. யாருக்கு லாபம், சொல்லுங்கள்?

என் வாப்பா கரைவலைக்காரர். கரைவலைக்கு அகலமான கரை வேண்டும். ஆட்கள் கயிற்றைப் பிடித்து, குதியை மணலில் ஊன்றிப் பின்னுக்கு நடப்பார்கள். கயிறு வளையம் வளையமாகக் குவியும். வாடை தொடங்குமுன் வாப்பா வாடியை, அதுதான் கரையில் போட்ட ஓலைக் குடிலை, பிரித்து, அடம்பன் கொடி படர்ந்த மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டுவார். கடல் எடுக்கும், மாரி கழியத் திருப்பித் தரும் என்று அவருக்குத் தெரியும். ‘இயற்கையோடு இணைந்து வாழ்கிறேன்’ என்றெல்லாம் அந்த மனுசன் ஒருநாளும் சொன்னதில்லை! இன்று பின்னுக்கு நடந்தால் யாரோ ஒருவரின் மதிலில் முதுகு முட்டும்.

சரி, இனி என்ன? கல் கொட்டச் சொல்லி ஆளாளுக்கு மகஜர் கொடுக்கிறோம். கல் கொட்டிய இடம் தப்பும், அதற்கு வடக்கே அரிக்கும். நிந்தவூர் தப்பினால் காரைதீவு, அப்புறம் மாளிகைக்காடு, எங்கள் சாய்ந்தமருது. எல்லாம் ஒரே கரை தங்கச்சி. தெற்கில் தேங்கும் மணலை அள்ளி வடக்கே கொட்ட வேண்டும். கடல் சும்மா செய்துகொண்டிருந்த வேலை அது, இனி அரசாங்கம் வருடா வருடம் காசு செலவழித்துச் செய்யட்டும். அதைக் கேட்டு எழுதுங்கள். பாவம், பழி என்று எழுதினால் துறைமுகத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

புத்தகமா? பிறகு பார்ப்போம். முதலில் ஒலுவிலுக்கு பஸ் ஏறுங்கள். துறைமுகத்தின் தென்பக்கம் நின்று ஒரு படம், வடபக்கம் நின்று ஒரு படம். இரண்டையும் மகஜரோடு சேர்த்து அனுப்புங்கள், எனக்கும் ஒரு பிரதி வையுங்கள்.