ராக் பாடல்களின் ஆர்கெஸ்ட்ரா ஆல்பங்கள் ஏன் சப்பென்று இருக்கின்றன? எதைக் கேட்கலாம்?

பெரும்பாலும் அரேஞ்ச்மென்ட்தான் காரணம், அதாவது எந்தக் கருவி எதை வாசிப்பது என்று பாட்டைப் பிரித்து அமைக்கும் விதம். ராக் பாடகர் ஒரே சுரத்தில் நின்று நாலு வரி பாடுவார், அதை வார்த்தைகளும் குரலின் கரகரப்பும்தான் தாங்கும். அந்த மெட்டை அப்படியே வயலின்களிடம் கொடுத்தால் வெறும் சுரம்தான் மிஞ்சுகிறது. கிதாரின் டிஸ்டார்ஷனும், அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைத்து வரவைக்கும் கரகரப்பும், போய்விடும். ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி, மேல் சுருதிகளால் நிரப்புவது அதுதான். அந்த அடர்த்தியைச் செல்லோ, டபுள் பேஸ், டிராம்போன் எல்லாம் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும், பலர் அந்த உழைப்பைப் போடுவதே இல்லை.

முதலில், லெட் செப்பெலின் என்ற ராக் குழுவின் பாடல்களை வைத்து 1997இல் வந்த 'காஷ்மீர்: சிம்பொனிக் லெட் செப்பெலின்' கேளுங்கள். கில்லிங் ஜோக் என்ற ராக் குழுவின் பாடகர் ஜாஸ் கோல்மன் அமைத்தது, வாசித்தது லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா. 'காஷ்மீர்' பாட்டில் ட்ரம்ஸ் நாலு தட்டுத் தாளத்தில் போகும், கிதார் மூன்று மூன்றாக அதன்மேல் ஏறும், 1975 மூலத்திலேயே வயலினும் பிராஸும் (பித்தளை ஊதுகருவிகள்) உண்டு, அதனால் ஆர்கெஸ்ட்ராவுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. இதே கோல்மன் 1995இல் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் பாடல்களையும் இப்படிச் செய்திருக்கிறார், அதுவும் நல்ல ஆல்பம்.

அப்புறம், முழு ஆர்கெஸ்ட்ரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால், அபோகலிப்டிகா என்ற செல்லோ குழு 1996இல் நாலே செல்லோவில் வாசித்த, மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் பாடல்களை அவசியம் கேளுங்கள். வில்லை அழுத்தி இழுக்கும் அந்த உரசலில் டிஸ்டார்ஷன் கிட்டத்தட்ட கிடைத்துவிடுகிறது!