கோவையில் கல்லூரிப் பகுதியில் வீடு பார்க்கலாமா? குப்பை, தெருப் பாதுகாப்பு எல்லாம் எப்படி?

வயதான பெற்றோரோடு பீளமேடு பக்கம் குடிவர யோசிப்பதாகவும், "காலேஜ் ஏரியா, பசங்க தொல்லை, ஒரே குப்பை" என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக இங்கேதான் இருக்கிறேன். குப்பை உண்மை, பயம் பாதி உண்மை. பழியை மட்டும் ஆள் மாற்றிப் போடுகிறார்கள்.

முதலில் குப்பை. அவினாசி சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் தனி வீடுகளாக இருந்தவை பல இன்று பிஜி, அதாவது மாணவர்கள் காசு கொடுத்துத் தங்கும் தனியார் விடுதி. ஒரு குடும்பம் இருந்த மனையில் மூன்று மாடி எழுப்பி நாற்பது பையன்களைத் தங்க வைக்கிறார்கள். தலைக்கு அரை கிலோ என்று வைத்தாலும் தினம் இருபது கிலோ குப்பை. வாசலில் இருப்பதோ அந்தக் குடும்பம் வைத்திருந்த அதே ஒரு வாளி.

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடத்தைத்தான் தனியாகக் கணக்கில் எடுத்தன. பெரிய கல்லூரி வளாகங்கள் அதில் வந்துவிடும். மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு உண்டு. அதனால் கேட்டுக்கு உள்ளே பளிச்சென்று இருக்கும். பிஜி அந்தக் கணக்கிலும் வராது, வீட்டுக் கணக்கிலும் அடங்காது.

அப்புறம் நேரம். எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி காலை ஏழு மணிவாக்கில் வரும். பையன்கள் அப்போதுதான் புரண்டு படுப்பார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா பார்சல் பிரித்த கவர் விடியும்வரை அறையிலா இருக்கும்? டிரான்ஸ்பார்மர் அடியில் போய் விழுகிறது. நூல்கூட அவிழ்க்காத சால்னா பாக்கெட், வெங்காயம் ஒட்டிய வாழை இலை, நனைந்த பேப்பர், எல்லாம் ஒரே கவரில். நாய்கள் அதைக் கிழித்துத் தெருவெல்லாம் இழுத்துப் போடும். காலையில் வரும் தூய்மைப் பணியாளர் அக்கா, இலையையும் பிளாஸ்டிக்கையும் கையால் பிரித்து எடுக்கிறார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இந்தப் பிளாஸ்டிக் கவர்களுக்குத் தடை. சால்னாவுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை போல.

ஒரு பிஜி உரிமையாளரிடம் இதைப் பேசினோம். "பசங்ககிட்ட சொல்லிப் பார்த்தாச்சுங்க, நான் என்னங்க பண்றது?" என்றார். "பசங்களை விடுங்கண்ணா, கேட்டுக்குள்ள ரெண்டு டிரம் வைங்க, காலைல வாட்ச்மேன் எடுத்துக் குடுக்கட்டும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வைத்தார். அந்த முனை சுத்தமாகிவிட்டது. அடுத்த முனையின் உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், வாடகை மட்டும் கணக்கில் ஏறுகிறது. அங்கே இன்னும் அதே கதைதான். அதே வயதுப் பையன்கள்தான் இரண்டு இடத்திலும்.

இந்தக் குப்பைதான் பாதுகாப்புப் பிரச்சினையாகவும் மாறுகிறது. தீனி கிடைக்கிற முனையில் நாய்கள் கூடுகின்றன, பைக்கைத் துரத்துகின்றன, ஓட்டுபவர் பயந்து வண்டியைத் திருப்புகிறார். அதோடு பிஜிக்குள் பார்க்கிங் கிடையாது. பைக்குகள் தெருவோரம் வரிசையாக நிற்க, நடப்பவர்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு இங்கே உண்மையான ஆபத்து அதுதான்: கல்லூரி விடும் நேரத்தில் மூன்று பேர் ஏறிய பைக், எதிர்த் திசையில்.

சங்கிலிப் பறிப்பு பயம் வேறு கணக்கு. சாயங்காலம் டீக்கடை, ஜெராக்ஸ் கடை, பானிபூரி வண்டி என்று பையன்கள் நிற்கிற நேரத்தில் இந்தத் தெருக்களில் நடக்க எனக்குப் பயம் இருந்ததே இல்லை. விடிகாலையிலும் செமஸ்டர் லீவிலும்தான் எங்கள் தெருப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். ஆளே இருக்காது. விளக்கு எரியும், ஆனால் புங்கமரக் கிளை மறைத்து வெளிச்சம் கீழே இறங்காது. "எங்க தெருவில் இருட்டு" என்று புகார் கொடுத்தால் யாரும் வருவதில்லை. கம்பத்தில் பெயின்ட் அடித்த எண்ணைக் குறித்துக் கொடுத்தால் ஆள் வருகிறார். அவசரமென்றால் 112, பெண்களுக்கு 181.

பெண்கள் விடுதிகளுக்கு 2014 சட்டப்படி கலெக்டரின் உரிமம் வேண்டும். ஆண்கள் பிஜிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதனால் யார் நடத்துகிறார் என்று கண்டுபிடிக்கவே தெருவாசிகள் அலைய வேண்டியிருக்கிறது. மாணவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவும் காரணம். அவர்கள் மூன்று நான்கு வருடத்தில் போய்விடுவார்கள். வாடகை வாங்குபவர் இருப்பார், பெரும்பாலும் நம் குடியிருப்போர் சங்கத்திலேயே உறுப்பினராக.

வீடு பார்க்க வரும்போது ஞாயிறு மதியம் வந்து, அமைதியாக இருக்கிறது என்று அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். வேலை நாளில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை, காலை ஆறு மணிக்கு ஒரு தடவை தெருமுனைவரை நடந்து பாருங்கள். பக்கத்து மொட்டை மாடிகளில் எத்தனை டி-ஷர்ட் காய்கிறது என்று பாருங்கள், எது பிஜி என்று தெரிந்துவிடும். அதன் உரிமையாளர் உள்ளூரில் இருக்கிறாரா என்று மளிகைக் கடையில் கேளுங்கள். இருக்கிறார் என்றால் தைரியமாக வரலாம்.